நூலுக்கேற்ற ஊசி

நுழையும்முன்

ஊசி மிகச் சிறிய கருவி, விலையும் குறைவு. ஆயினும் கிழிந்ததை ஒன்றாக்கவும் வெறுந்துணியைப் பூத்துணியாக்கவும் அதற்கு ஈடான கைக்கருவி வேறில்லை. தைக்கும் திறன் இருந்தும், ஊசியில் நூல் கோக்க இயலாமையால் தையலைக் கைவிட்டோர் பலர். அவர்களைத் தடுத்தது கையின் குறையன்று. பெரும்பாலும் பொருந்தாத ஊசியே. எந்த வேலைக்கு எந்த ஊசி, எளிதில் நூல் கோக்கத்தக்க ஊசியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கண்ணும் காதும்

ஊசியில் நூல் நுழையும் துளையை ஆங்கிலேயர் ‘கண்’ என்பர். தமிழர் ‘காது’ என்பர். பெயர் எதுவாயினும் ஊசியை ஊசியாக்குவது அத்துளையே. அஃது இல்லையேல் எஞ்சுவது கூரிய கம்பி மட்டுமே. தெற்குச் சைபீரியாவில் கிடைத்துள்ள காதுடைய எலும்பு ஊசிகள் ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழைமையானவை. முனை, தண்டு, காது என்னும் மூன்று உறுப்புகளும் அன்றே அமைந்துவிட்டன. பொருள் எலும்பிலிருந்து எஃகாக மாறியதேயன்றி அடிப்படை வடிவம் மாறவில்லை.

தமிழரும் தொன்றுதொட்டு ஊசியை அறிந்திருந்தனர். புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளர்களுள் ஒருவராகத் துன்னகாரரைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. துன்னம் என்பது தையல். துன்னகாரர் என்போர் தையல் தொழிலர். போரில் மார்பிற்பட்ட புண்ணைத் தைத்த நீண்ட வெண்ணிற ஊசியை, மீன் தேடிக் குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திப் பறவையோடு பதிற்றுப்பத்து ஒப்பிடுகிறது. பறவை நீருக்குள் மறைந்து எழுவதுபோல ஊசியும் தசைக்குள் மறைந்து வெளிப்படுகிறது. தைப்பதைக் கூர்ந்து நோக்கியவர்க்கே இவ்வுவமை தோன்றும்.

கை மறப்பதில்லை

தையல் என்பது கையும் கண்ணும் இணைந்து செய்யும் தொழில். பல்லாண்டுப் பயிற்சியால் கை பெற்ற திறன் எளிதில் மறைவதில்லை. ஆனால், ஏறத்தாழ நாற்பது வயதில் கண்ணின் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. அருகிலுள்ள சிறு பொருள்கள் மங்கித் தெரிகின்றன. இதனைத் தமிழில் ‘வெள்ளெழுத்து’ என வழங்குவர். எழுத்து வெளுத்துத் தோன்றுவதால் அமைந்த பெயர் இது. எழுத்தைக் காண இயலாத கண்ணுக்கு ஊசியின் காதைக் காண்பது அதனினும் அரிது.

தைக்கும்போது கண் காண வேண்டியது தையல் செல்லும் கோடு. நூல் கோக்கும்போது காண வேண்டியதோ ஒரு மில்லிமீட்டரினும் குறுகிய துளை. எனவே, தையலில் முதலில் கடினமாவது தைப்பதன்று, கோப்பதே. வீட்டிலுள்ள மூத்தோர், “கொஞ்சம் ஊசியில் நூல் கோத்துக் கொடு” எனப் பிள்ளைகளை அழைப்பது இதனால்தான். பிள்ளைகள் வீட்டில் இல்லாத பொழுதுகளில் அவர்தம் வேலை நின்றுவிடுகிறது. தையலால் வருவாய் ஈட்டுவோர்க்கு இது பிழைப்பைத் தொடும் சிக்கலாகும்.

அண்மைப் பார்வை கைத்தொழிலை எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சான்றாகும். அசாம் மாநிலத்தில் தேயிலை பறிக்கும் தொழிலாளர்களுள் நாற்பது வயதும் அதற்கு மேலும் உடைய 751 பேர் அதில் பங்கேற்றனர். அண்மைப் பார்வைக்கான கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக உயர்ந்தது. அவர்கள் புதிய திறன் எதனையும் கற்கவில்லை. தடையொன்று நீங்கியது, அவ்வளவே. தையலிலும் அத்தகைய தடையை நீக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணுக்குத் துணைசெய்வது. மற்றொன்று, ஊசியை மாற்றுவது. முதலாவதைப் பலரும் அறிவர். இரண்டாவதை அறிந்தோர் சிலரே.

காது செய்யும் வேலை

‘நூல் கோக்க எளிதான ஊசி’ என்றவுடன் காது பெரிதான ஊசி என்றே எண்ணத் தோன்றும். அது பாதி உண்மை. ஊசியின் காது இரண்டு வேலைகளைச் செய்கிறது. நூலை ஏற்றுக்கொள்வது ஒன்று; அந்நூல் செல்லத் துணியில் வழி திறப்பது மற்றொன்று.

தைக்கும்போது நூல் காதில் மடங்கி இரட்டையாகத் துணிக்குள் நுழைகிறது. ஊசி திறக்கும் துளை அந்த இரட்டை நூல் தாராளமாகச் செல்லும் அளவினதாக இருத்தல் வேண்டும். துளை குறுகினால் நூல் ஒவ்வொரு தையலிலும் துணியில் உரசும். காதின் விளிம்பிலும் தேயும். நூலின் ஒரே பகுதி பலமுறை துணியைக் கடப்பதால் அஃது இழையிழையாகப் பிரிந்து அறுபடும். பூத்தையலில் பளபளப்பு மங்குவதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். மாறாக, துளை மிகப் பெரிதானால் நூலைச் சுற்றி இடைவெளி விழும். மெல்லிய பட்டிலும் மஸ்லினிலும் அந்தத் துளைகள் தழும்புகளாக நின்றுவிடும். நூலும் காதிலிருந்து அடிக்கடி நழுவும்.

ஆகவே, தேர்வின் அளவுகோல் காதின் பருமனன்று, பொருத்தமே. இதனை எளிதில் சோதித்தறியலாம். ஊசியைக் கோத்த நூலை இருமுனையிலும் பற்றிச் சாய்வாகப் பிடித்தால், ஊசி தடையின்றி வழுக்கி இறங்க வேண்டும். இறங்காவிடில் காது சிறிது. பின்னர்த் துணியின் ஓரத்தில் இரண்டு மூன்று தையல் இட்டுப் பார்க்க வேண்டும். ஊசியை வலிந்து இழுக்க நேர்ந்தால் ஊசி மெல்லியது. நூலைச் சுற்றித் துளை தெரிந்தால் ஊசி தடித்தது.

எண்ணும் வகையும்

கடைகளில் ஊசிகள் எண்களால் குறிக்கப்படுகின்றன. கைத்தையல் ஊசிகளில் ஒரே வகைக்குள் எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகும். 10ஆம் எண் ஊசி 5ஆம் எண் ஊசியைவிட நுண்ணியது. தையல் இயந்திர ஊசிகளிலோ முறை தலைகீழானது. 11ஆம் எண்ணைவிட 16ஆம் எண் ஊசியே தடித்தது. இவ்வேறுபாட்டை அறியாதவர் ‘பெரிய எண், பெரிய காது’ எனக் கருதி ஏமாறுவது இயல்பு.

எண் ஊசியின் பருமனைச் சொல்லும். காதின் வடிவத்தையும் முனையின் தன்மையையும் சொல்லாது. அவற்றை ஊசியின் வகைப்பெயரே உணர்த்தும்.

‘ஷார்ப்ஸ்’ எனப்படுவன வீடுகளில் பொதுவாகப் பயன்படும் ஊசிகள். கூரிய முனையும் சிறிய வட்டக் காதும் உடையவை. பொத்தான் தைத்தல், ஓரம் மடித்தல், கிழிசல் தைத்தல் ஆகியவற்றுக்கு உகந்தவை. ‘பிட்வீன்ஸ்’ ஊசிகள் இவற்றினும் குட்டையானவை. துணி அடுக்குகளை நெருக்கமான சிறு தையலால் இணைக்க உதவும். இவற்றின் காது மிகச் சிறியதாதலால் நூல் கோப்பது கடினம்.

‘குரூவல்’ அல்லது எம்பிராய்டரி ஊசி நீளத்திலும் பருமனிலும் ஷார்ப்ஸ் ஊசியை ஒத்தது. காது மட்டும் வட்டமாக அன்றி நீண்டிருக்கும். பல இழைகளை ஒருங்கே ஏற்கும் பொருட்டு அமைந்த வடிவம் இது. நூல் கோக்க இடர்ப்படுவோர்க்கு மிக எளிய தீர்வு இதில்தான் உள்ளது. 7ஆம் எண் ஷார்ப்ஸ் ஊசியில் கோக்க இயலாதவர், 7ஆம் எண் குரூவல் ஊசிக்கு மாறினால் போதும். துணியில் விழும் துளை பெரிதாகாது, கோப்பதோ எளிதாகும். பூத்தையலுக்கென விற்கப்படுவதாலேயே இவ்வூசியைச் சாதாரணத் தையலுக்குப் பலர் எடுப்பதில்லை. அத்தடை பெயரால் வந்தது, பயனால் வந்ததன்று.

‘டேப்பஸ்ட்ரி’ ஊசி மழுங்கிய முனையும் மிக நீண்ட காதும் உடையது. ‘செனில்’ ஊசி அதனைப் போன்றே பெரிய காதுடையது. ஆனால் கூர்முனை கொண்டது. கம்பளி நூல், தடித்த நூல் ஆகியவற்றுக்கும், புதிதாகத் தையல் கற்கும் சிறார்க்கும் இவை ஏற்றவை. ‘மில்லினர்’ ஊசியில் காதுப்பகுதியும் தண்டின் பருமனாகவே இருக்கும். நூலைத் தண்டில் பலமுறை சுற்றி, அச்சுற்றுகளின் வழியே ஊசியை உருவும் முடிச்சுத் தையல்களுக்கு அவ்வமைப்புத் தேவை. காது புடைத்திருந்தால் சுற்றுகள் சிக்கிக்கொள்ளும். இங்குக் கோப்பதன் எளிமையைச் சற்றே விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

பூத்தையலுக்குப் பயன்படும் பருத்தி நூல் பொதுவாக ஆறு இழைகளால் ஆனது. தேவைக்கேற்ப இழைகளைப் பிரித்து எடுப்பர். குரூவல் ஊசியில் ஓரிழைக்கு 10 அல்லது 9, இரண்டு மூன்று இழைகளுக்கு 8 அல்லது 7, ஆறிழைக்கு 5 அல்லது அதற்கும் தடித்த எண் எனக் கொள்வது ஏறத்தாழச் சரியான தொடக்கமாகும். துணியின் நெருக்கத்தை நோக்கி ஓரெண் கூட்டியோ குறைத்தோ அமைத்துக்கொள்ளலாம்.

தாமே வழிவிடும் ஊசிகள்

பார்வை மிகவும் குறைந்தோர்க்கும் கை நடுங்குவோர்க்கும் நீண்ட காதும் போதாமற் போகலாம். அவர்கள்பொருட்டு அமைந்தது ‘கேலிக்ஸ்’ ஊசி. கேலிக்ஸ் என்பது பூவின் புல்லிவட்டத்தைக் குறிக்கும் சொல். இவ்வூசியின் தலைப்பகுதி உச்சியில் சிறிதாகப் பிளந்திருக்கும். நூலை அப்பிளவின் குறுக்கே வைத்துக் கீழ்நோக்கி அழுத்தினால், அது ‘சொடக்’கென்று காதுக்குள் இறங்கிவிடும். காதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, விரலுணர்வே போதும். பக்கவாட்டில் பிளவுடைய ஊசிகளும் உண்டு.

இவ்வூசிக்கு வேறொரு பயனும் உள்ளது. தையல் முடியும் தறுவாயில் நூல் மிகக் குட்டையாக எஞ்சினால், சாதாரண ஊசியால் அதனை உள்ளே செருக இயலாது. கேலிக்ஸ் ஊசியை முதலில் துணியில் செருகி, பிறகு அக்குட்டை நூலைப் பிளவில் அழுத்தி இழுத்துவிடலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பிளவின் விளிம்பு நூலைச் சிராய்க்கலாம். இழுவிசை மிகுந்தால் நூல் வெளியேறலாம். தடித்த நூலுக்கும் நெருக்கமான துணிக்கும் இது பொருந்தாது. பொத்தான் தைக்கவும் ஓரம் மடிக்கவும் போதுமானது. நாள் முழுவதும் செய்யும் நுண்பூத்தையலுக்கு உகந்ததன்று.

மணி கோக்கும் ஊசியில் சிக்கல் வேறுவகையானது. ஊசி, மணியின் துளைக்குள் நுழைய வேண்டுமாதலால் காதைப் பெரிதாக்க வழியில்லை. இதற்கு இரண்டு தீர்வுகள் காணப்பட்டுள்ளன. முறுக்கிய மென்கம்பியால் ஆன ஊசியின் காது கோக்கும்போது அகன்றிருக்கும். மணிக்குள் செல்லும்போது நசுங்கி ஒடுங்கும். மற்றொன்று, இரண்டு மென்கம்பிகளை இருமுனையிலும் பற்றவைத்த ஊசி. அதன் நடுப்பகுதியை நகத்தால் பிரித்தால் ஏறத்தாழ உடல் முழுவதுமே காதாகும்.

கோக்கும் முறை

பொருத்தமான ஊசியைத் தேர்ந்தபின் முறையறிந்து கோத்தால் வேலை மேலும் எளிதாகும்.

நூலின் முனையைக் கூரிய கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும். பல்லால் கடித்த முனை பிசிறாகும். பின்னர், நூல்முனை மயிரிழையளவே வெளியே தெரியுமாறு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இறுகப் பிடித்து, ஊசியின் காதை அதன்மேல் கொண்டுவந்து அழுத்த வேண்டும். நூலை ஊசியிடம் கொண்டுசெல்வதற்கு மாறாக, ஊசியை நூலிடம் கொண்டுவருவதே இம்முறை. பிடிப்பில் இருக்கும் நூல் வளைய இயலாதாதலால் எளிதில் நுழையும்.

பல இழை நூலுக்கும் கம்பளி நூலுக்கும் மடிப்பு முறை சிறந்தது. நூலை ஊசித்தண்டின்மேல் மடித்து இழுத்துப் பிடித்து, அம்மடிப்பை விரல்களால் நசுக்கியவாறே ஊசியை உருவிவிட வேண்டும். தட்டையான அம்மடிப்பைக் காதினுள் செலுத்தினால் பிசிறு இடையூறு செய்யாது.

வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருதல் நன்று. கருநூலுக்கு வெள்ளைத்தாளும் வெண்ணூலுக்குக் கருந்துணியும் பின்னணியானால் காது தெளிவாகத் தெரியும். ஒரு பக்கமாக நூல் நுழையாவிடில் ஊசியைத் திருப்பிப் பிடித்து முயலலாம். அச்சில் அழுத்தித் துளையிடப்படும் ஊசிகளில் காதின் ஒரு பக்கம் மற்றதினும் மழமழப்பாக அமைவதுண்டு. மென்கம்பி பொருத்திய நூல் கோக்கும் கருவியும் துணைபுரியும். அக்கம்பியைக் காதில் நுழைத்து, கம்பியின் அகன்ற வளையத்தில் நூலைச் செருகி, திரும்ப இழுத்தால் போதும். மிகச் சிறிய காதில் வலிந்து நுழைத்தால் கம்பி அறுந்துவிடும்.

மூத்தோர்க்கு உதவ விரும்புவோர் ஒன்று செய்யலாம். நூற்கண்டை வெட்டாமல் அதன் முனையில் பத்து ஊசிகளை வரிசையாகக் கோத்து வைக்கலாம். தைப்பவர் தேவைப்படும்போது முதல் ஊசியுடன் வேண்டிய அளவு நூலை இழுத்து, பிற ஊசிகளைக் கண்டின் பக்கம் ஒதுக்கிவிட்டு நறுக்கிக்கொள்ளலாம். ஒருமுறை செய்த உதவி பத்துமுறை பயன்படும். ஒவ்வொரு முறையும் பிறரை எதிர்பார்க்கும் நிலையும் நீங்கும். நூலின் நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. இருப்பது போதுமானது. அடிக்கடி கோப்பதைத் தவிர்க்க நூலை மிக நீளமாக வெட்டுவோர் உளர். நீண்ட நூல் சிக்கலாகும், தேய்ந்து அறுபடும், மீண்டும் கோக்க நேரும்.

தெரியுமா?

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரம் 19ஆம் நூற்றாண்டில் உலகின் தலைசிறந்த ஊசித் தொழில் மையமாக விளங்கியது. நீராற்றலால் இயங்கிய பழைய ஊசி ஆலையொன்று இன்று அங்கு அருங்காட்சியகமாக உள்ளது. சுழலும் கல்லில் ஊசிமுனையைத் தீட்டிய தொழிலாளர் பலர், கல்தூளையும் எஃகுத்தூளையும் சுவாசித்து நுரையீரல் நோயுற்று இளவயதிலேயே மாண்டனர். மலிவான அச்சிறு கருவிக்குப் பின்னால் மனித உயிர்களின் விலையும் இருந்தது.

கைத்தையல் ஊசியின் காது, முனைக்கு எதிர்ப்புறம் அமைந்திருக்கும். அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் 1846ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற தையல் இயந்திரத்திலோ காது ஊசிமுனையின் அருகே இருந்தது. ஊசி முழுவதும் துணியைக் கடக்காமலேயே நூலை மறுபுறம் கொண்டுசேர்க்க அது வழிசெய்தது.

வேலை அறிந்து தேர்தல்

ஊசியின் தேர்வு, செய்யும் வேலையின் இயல்பிலிருந்தே தொடங்க வேண்டும். நீலகிரியில் வாழும் தோடர் இனப் பெண்கள் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூவேலை செய்கின்றனர். துணியில் வரைந்து கொள்ளாமல், இழைகளை எண்ணியே உருக்களை அமைப்பது அதன் தனிச்சிறப்பு. 2013ஆம் ஆண்டு இக்கலை புவிசார் குறியீடு பெற்றது. பொதுவாக இழையெண்ணித் தைக்கும் வேலைகளில் ஊசிமுனை இழையைப் பிளக்காமல், இழைகளுக்கு இடையே நுழைதல் வேண்டும். கட்டங்கள் அமைந்த துணியில் குறுக்குத்தையல் இடுவோர் மழுங்கிய டேப்பஸ்ட்ரி ஊசியைத் தேர்வது இதனாலேயே. அதன் பெரிய காது அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நன்மை.

வங்காளத்துக் காந்தா வேலையில் பழைய புடவைகள் பல அடுக்குகளாகச் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. அடுக்குகளைத் துளைக்கக் கூர்முனை இன்றியமையாதது. அங்கு மழுங்கிய ஊசி பயன்படாது. கூரும் நீண்ட காதும் ஒருங்கே அமைந்த குரூவல் ஊசி பொருந்தும். மணமகளின் இரவிக்கைகளில் இன்று தமிழகமெங்கும் பரவலாகக் காணப்படும் ஆரி வேலையோ காதில்லாத ஊசியால் செய்யப்படுவது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் அடியில் நூலைப் பிடித்துக்கொள்ள, ஊசிமுனையிலுள்ள கொக்கி அதனை மேலே இழுத்துச் சங்கிலித் தையலாக்குகிறது. கோக்க வேண்டிய இடர் இங்கு இல்லை. எனினும், கொக்கியைச் செலுத்தும் பயிற்சி தனியே வேண்டும்.

இவற்றால் புலனாவது ஒன்று. எல்லா வேலைக்கும் உரிய ஊசி என ஒன்றில்லை. எல்லாக் கைக்கும் எளிய ஊசி எனவும் ஒன்றில்லை. துணி முனையைத் தீர்மானிக்கிறது. நூல் பருமனைத் தீர்மானிக்கிறது. தைப்பவரின் கண்ணும் கையும் காதைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் நோக்கித் தேர்பவர் பலர். மூன்றாவதையும் சேர்த்து நோக்கும்போதுதான், தைக்கத் தெரிந்தவர் எவரும் தையலைக் கைவிட வேண்டியதில்லை என்னும் நிலை உருவாகும். நூல் நுழையாதபோது தைப்பவரின் முதுமையையோ திறமின்மையையோ குறைகூறுவதற்கு முன், கையிலுள்ள ஊசியை ஒருமுறை மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள ஊசிகளைத் திரட்டி, அவற்றின் முனை, தண்டு, காது ஆகியவற்றை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

2. ஒரே நூலை மூன்று வெவ்வேறு ஊசிகளில் கோத்து ஒரே துணியில் தைத்துப் பார்க்க. துளையிலும் நூலிலும் காணும் வேறுபாடுகளை ஒரு பத்தியில் எழுதுக.

3. உங்கள் ஊரில் தையல் தொழில் செய்யும் மூத்தவர் ஒருவரிடம், நூல் கோப்பதில் அவர் எதிர்கொள்ளும் இடர்களையும் கையாளும் உத்திகளையும் கேட்டறிந்து வகுப்பறையில் பகிர்க.

4. ‘கருவியைக் கைக்கேற்ப மாற்றுவதா, கையைக் கருவிக்கேற்பப் பழக்குவதா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.